குட்டி மிதித்த மண்

திருப்பதிப் பக்கத்துக் கல்லூரிகளில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். காட்டு விலங்குகளைப் பற்றிப் படித்தால் என்ன வேலை கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமாம். சால்வையைப் போர்த்தி மைக்கைக் கையில் கொடுப்பார்கள். மலையில் புதிதாகக் கண்டுபிடித்த பல்லியைப் பற்றியும் ஏரிக்கு வராமல் போன நாரைகளைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசுவேன். பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, இதைப் படித்தால் நிச்சயம் வேலை கிடைக்குமா என்று கேட்பாள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. பல்லியா அவளுக்கு முக்கியம்? வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். கிடைக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். பொய் சொல்லவில்லை, எனக்குக் கிடைத்ததே. எப்படிக் கிடைத்தது என்று மைக்கில் சொல்லத் தெம்பில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சாந்திபுரத்துக்கு அந்தப் பக்கம், மூன்று மாநில எல்லைகள் சேருமிடத்தில், காட்டை ஒட்டி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் பாதிக்குப் பாதி கன்னடம். அப்பாவை நைனா என்போம்; அவருக்கு இளவயதில் சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. ஊரார் கொல்லைகளில், அதாவது மேட்டு நிலங்களில், கூலிக்குப் போனவர். நான் பிறந்த பிறகு, நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தபோது அவருக்கும் ஒரு துண்டு வந்தது. நல்ல நிலத்தையா கொடுப்பார்கள்? காட்டின் அடியில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேடு அது, ஆடு மேய்க்கிறவன்கூட அங்கே போகமாட்டான். நைனாவும் அம்மாவும் வருஷக்கணக்கில் கல் பொறுக்கினார்கள். நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பொறுக்குவோம். பொறுக்கிய கல்லையே சுற்றிலும் வரப்பாக அடுக்கினோம். அதற்குப் பிறகுதான் கேழ்வரகும் வேர்க்கடலையும் அங்கே தலையெடுத்தன. எங்கள் குடும்பத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் பெயர் சொல்ல வேண்டுமானால் அது நைனாதான். அவருக்கு முன்னால் யாரும் கிடையாது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஓசூர்ப் பக்கத்திலிருந்து யானைகள் வந்தன. எங்கள் காட்டில் யானையைப் பார்த்தவர்கள் அப்போது ஒருத்தரும் இல்லை. கோயில் வாசலில் ஆசீர்வாதம் செய்கிற யானைதான் எல்லாருக்கும் தெரியும். அதனால் என்ன ஆயிற்று என்றால், யானை வந்திருக்கிறது என்றதும் ஊரே தேங்காயும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு எதிரே ஓடியது. பயந்து ஓடியவன் ஒருத்தன் இல்லை. பக்கத்து ஊரில் ஒருவர் தட்டோடு கிட்டே போய் உயிரை விட்ட பிறகுதான் கொஞ்சம் எட்ட நின்று கும்பிடக் கற்றுக்கொண்டார்கள். அப்போதும் யானை என்று வாயால் சொல்லமாட்டார்கள். சாமி என்பார்கள். சாமி வந்தது, சாமி கடலைச்செடியைப் பிடுங்கிற்று, சாமி மோட்டார் கொட்டகையைச் சாய்த்தது.

சாமி மிதித்த கொல்லையை அப்படியே விடக்கூடாது என்பது அடுத்து வந்த வழக்கம். விடிந்ததும் கால் பதிந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றுவார்கள். அந்த மண்ணில் ஒரு கை அள்ளி விதையோடு கலக்க எடுத்து வைப்பார்கள். மிச்சத்தைப் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டுவிடுவார்கள். பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு கேட்டு மனு போடுவதும் இவர்கள்தான். விசாரிக்க வந்த அதிகாரி எங்கே சேதம் என்று கேட்டால் கோலத்தைக் காட்டுவார்கள். அவர் கோலத்தைப் பார்ப்பார், மனு போட்டவரைப் பார்ப்பார், ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். இதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், தலையில் அடித்துக்கொண்டும் இருக்கிறேன்.

திருப்பதிக்கு நான் விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கப் போனது தொண்ணூறுகளின் நடுவில். விலங்குகள் மேல் ஆசை என்று அளக்கமாட்டேன், அந்த சீட்தான் கிடைத்தது. அந்த நேரத்தில் திருப்பதி முழுக்கக் கம்ப்யூட்டர் பைத்தியம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எந்த மாடியைப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் கோர்ஸ் போர்டு. ஹாஸ்டலில் என் அறையில் இருந்தவர்கள் பகலில் வேதியியலும் சாயங்காலம் கம்ப்யூட்டரும் படித்தார்கள். ஒருத்தி ஹைதராபாத் போனாள், ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவே போனாள். நான் எங்கள் துறை வராந்தாவில் இருந்த போர்டு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். பேப்பரில் வரும் காட்டுச் செய்திகளை யாரோ வெட்டி அதில் ஒட்டுவார்கள். திருமலைப் பாறையில் தங்க நிறப் பல்லி, சந்திரகிரிப் பக்கம் தேவாங்கு. மூலையில் எப்போதாவது ஒரு வேலை அறிவிப்பு இருக்கும். நான் முதலில் மூலையைத்தான் பார்ப்பேன்.

எனக்கு ஒரு கெடு இருந்தது. அண்ணன் குப்பம் ஸ்டேஷனில் காலை ரயில் பிடித்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அந்த ரயில்தான் வாழ்க்கை. ஏற்றுமதிக்குத் துணி தைக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை, எனக்கும் அங்கேயே தைத்த துணியைச் சரிபார்க்கும் இடத்தில் சொல்லிவைத்துவிட்டான். பரீட்சை முடிந்த பிறகு வருகிற பொங்கல் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் என் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காவிட்டால் மறுநாளே அவனோடு ரயில் ஏறுவது என்று பேச்சு. அம்மாவுக்கு அதில் முழுச் சம்மதம். எனக்கோ அந்தக் கம்பெனிக்குப் போகவே இஷ்டமில்லை. இவ்வளவு படித்துவிட்டு சட்டைக்குப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

பரீட்சை முடிந்த கையோடு போர்டின் மூலையில் ஒரு அறிவிப்பு வந்தது. எங்கள் காட்டு யானைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி, தற்காலிக உதவியாளர்கள் தேவை. மூன்று பாஷையும் பேசுகிறவள் என்பதால் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியை நடத்தியவர் வெளியூர்க்காரர், நிறையப் படித்தவர், நல்ல மனுஷர். சார் என்றுதான் கூப்பிடுவோம். என்னையும் இன்னொரு பையனையும் உதவிக்கு வைத்துக்கொண்டு, பொங்கல் வந்ததும் உங்களில் ஒருவரை முழுநேர வேலைக்கு எடுப்பேன், பிஎச்.டி.யும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் ஹைதராபாத்தில் படித்தவன். கேமரா வைத்திருந்தான், இங்கிலீஷ் சரளமாக வரும். எனக்கு எங்கள் ஊர் தெரியும். அவ்வளவுதான் என் பக்கம் இருந்தது.

எங்கள் முக்கியமான வேலை காலடி அளப்பது. யானையின் முன்னங்காலடியைச் சுற்றி அளந்து இரட்டித்தால் அதன் உயரம் வந்துவிடும். உயரம் தெரிந்தால் வயதை ஒருமாதிரி சொல்லிவிடலாம். பலமநேர்ப் பக்கத்துக் காட்டில் அந்தப் பையனுக்கு ஈர மணலில் அச்சு அச்சாகக் காலடி கிடைத்தது. எனக்கு ஒதுக்கிய இடம் எங்கள் ஊரும் சுற்றுப்பட்டும். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள் காலடி மஞ்சள் குட்டையாகியிருக்கும், நடுவில் கற்பூரக் கரி கிடக்கும். பல இடங்களில் கோலமே போட்டாகிவிட்டது. ஐயா, அம்மா, நான் வரும்வரை தொடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். கேட்டால்தானே! பக்கத்துக் கொல்லைக்காரம்மா டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்து, சாமிக்குக் கொலுசு பண்ணப் போறியா என்று கேட்டாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

மாதங்கள் போயின. பையன் கொடுத்த கணக்கை வைத்து சார் எந்த வயதில் எத்தனை யானை என்று வரைபடம் போட ஆரம்பித்துவிட்டார். என் கணக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. ஒருநாள் சார் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். அவருக்கு ஒரே கேள்வி. இந்த யானைகள் வந்துவிட்டுப் போகிற விருந்தாளிகளா, இங்கேயே குடியேறிவிட்டவையா? விருந்தாளி என்றால் வந்த வழியே ஓட்டிவிடலாம் என்றுதான் மேலிடத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குடியேறிவிட்டன என்பதற்கு ஒரே சாட்சி, இங்கே பிறந்த குட்டி. யானை இரண்டு வருஷத்துக்குக் கிட்ட வயிற்றில் சுமக்கும். பிறந்து சில நாளான குட்டி தூரத்துக் காட்டிலிருந்து நடந்து வந்திருக்க முடியாது. அப்படி ஒரு குட்டியின் காலடியை யார் காட்டுகிறார்களோ அவர்களுக்கு வேலை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது.

அப்போது இன்னொன்றும் சொன்னார். குடியேறிவிட்டன என்று தெரிந்தால் அதற்கப்புறம் ஓட்ட முடியாது, காட்டு எல்லை நெடுக ஆழமாகப் பள்ளம் வெட்டுவார்கள், யானை அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம் என்று. எல்லை எது என்று கேட்டேன். பழைய சர்வே கல்லை வைத்துத் தீர்மானிப்பார்கள் என்றார். எங்கள் கொல்லையின் மேல் வரப்பில் சர்வே கல் எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். கல் பொறுக்கிய காலத்தில் அப்படி ஒன்று அகப்பட்டிருந்தால் அதையும் சேர்த்து வரப்பில் அடுக்கியிருப்போம். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஏனோ அலுப்பாக இருந்தது. குட்டியே அகப்படாமல் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷம் அந்தத் துணிக் கம்பெனி ஞாபகம் வந்தது.

நைனா வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு போன் செய்தது பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால். அந்த வாரம் கணக்கு எழுத நாங்கள் பலமநேரில் தங்கியிருந்தோம்; குட்டிக் காலடி கண்டால் சொல்லுங்கள் என்று வீட்டில் நம்பர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வாடகை அறைக்குக் கீழே இருந்த கடைக்குப் போன் வந்தது. சாந்திபுரத்தில் எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, போனில் கத்தினால்தான் கேட்கும் என்று நினைத்துக் கத்தினார்.

"நம்ம கொல்லிக்கு சாமி வந்துட்டுப் போச்சு பாப்பா. கூட பொடிசு ஒன்னு. அதோட காலடி ஒன்னத்த மட்டும் நான் மூடி வெச்சிக்கீறேன். சீக்கிரம் வா, இங்க ஜனம் என்ன துன்னுட்றமாரி நின்னுக்கினு கீது."

பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. நேரே கொல்லைக்குப் போனேன். கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற கேழ்வரகு அத்தனையும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஒரு கூட்டமே புகுந்து புரண்டிருக்கிறது. அந்த நாசத்துக்கு நடுவில், மண் அள்ளுகிற இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நைனா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார். முள்ளுக்கு வெளியே முழு ஊரும் நின்றது.

குட்டிச்சாமி நடந்த காலடி நிறைய இருந்திருக்கிறது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிள்ளை இல்லாத பெண்கள் பிள்ளையாரின் பிஞ்சுக் கால் பட்ட மண்ணை மடியில் கட்டிக்கொண்டால் வயிறு திறக்கும் என்று யாரோ கிளப்பிவிட, நாலு ஊர்ப் பெண்கள் வந்து அள்ளியிருக்கிறார்கள். காலடி இருந்த இடமெல்லாம் குழி. சட்டிக்குக் கீழே இருந்தது ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்டுத்தான் பக்கத்துக் கொல்லைக்காரம்மா தட்டோடு நின்றாள். பின்னால் அவள் மருமகள். கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் ஒன்றும் தங்கவில்லை என்று அந்தப் பெண்ணை அவள் வறுத்தெடுப்பது ஊருக்கே தெரியும். காலையிலிருந்து நைனாவிடம் கேட்டுக்கேட்டு வாய் வலித்துப்போய், பெத்த மகளுக்கு உத்யோகம் வாங்க அடுத்த வீட்டு வயித்துல மண்ணப் போடறான் என்று சபித்துக்கொண்டிருந்தாள். நைனா சட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை. நான் வந்ததும் முள்ளை விலக்கி உள்ளே விட்டார்.

சட்டியைத் தூக்கினோம். ஈரம் காயாமல், விளிம்பு சிதையாமல் அப்படியே இருந்தது. என் உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடும், அவ்வளவு சின்னது. முன்பக்கம் நகம் பதிந்த பிறைகூடத் தெளிவாகத் தெரிந்தது. டேப்பை எடுத்தேன். அளந்தேன். மறுபடியும் அளந்தேன். பிறகு பையிலிருந்த பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து அச்சு எடுக்க ஊற்றியபோது, வெளியே நின்ற கூட்டத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. சாமி காலில் சுண்ணாம்பு ஊற்றுகிறாளே என்று. அது இறுகும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.

அச்சைப் பெயர்த்து எடுத்த பிறகு, அடியில் இருந்த மண்ணை ஒரு கை அள்ளி அந்த மாமியாரிடம் நீட்டினேன். சுண்ணாம்பு பட்ட மண்ணு எதுக்கு என்று தட்டைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். போனவள் எங்கள் வீட்டுப் பக்கம் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மருமகள் மட்டும் போகாமல் நின்றாள். மாமியார் திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு, முந்தானையை விரித்து அந்த மண்ணை வாங்கி முடிந்துகொண்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நைனாவும் நானும் வரப்பில் உட்கார்ந்தோம். அம்மா உதிர்ந்த கதிரில் தேறியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளம் வெட்டுவதைப் பற்றி நான் அதுவரை வீட்டில் மூச்சு விட்டதில்லை. அப்போது சொன்னேன். இந்த அச்சை நான் சாரிடம் கொடுத்தால் யானை குடியேறிவிட்டதாக முடிவாகும், எல்லையில் பள்ளம் வரும், எல்லை எது என்று தேடினால் இந்தக் கொல்லையில் எவ்வளவு நமக்கு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. கொடுக்கவில்லை என்றால் பொங்கல் முடிந்து நான் அண்ணனோடு ரயில் ஏற வேண்டியதுதான். இரண்டில் ஒன்று. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவேண்டும் என்றுகூட இருந்தது. அவர் வேண்டாம் என்றால் நான் அழுது தீர்த்துவிட்டு, துணிக் கம்பெனிக்குப் போய், ஆயுள் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன். அது ஒரு விதத்தில் சுலபம்.

நைனா ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"குடுத்துடு. நீ குடுக்கலன்னா நாளைக்கு வேற எவனாவது குடுப்பான். அப்பவும் கொல்லி போவும், உனுக்கு வேலயும் இருக்காது."

உனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஒன்னும் உனுக்காவ உட்டுக் குடுக்கலம்மா, சும்மா கண்ணக் கசக்காத. எத்தினி வருசமா வெதச்சிக்கினு கீறேன்? அதுல நான் துன்னது எவ்ளோ, சாமி துன்னது எவ்ளோ? அலுத்துப்பூட்டேன்."

அவர் சொன்னது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். அச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பலமநேர் போனேன்.

சார் அதைக் கையில் வாங்கியதும் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தெலுங்குப் பேப்பர்களில் செய்தி வந்தது, நம் மாவட்டக் காட்டில் யானை குட்டி போட்டிருக்கிறது என்று. படத்தில் சார் அச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பெயர் எதிலும் இல்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை, வேலை எனக்கு என்று அதற்குள் சொல்லிவிட்டார்கள். கேமராப் பையன் கைகுலுக்கிவிட்டு ஹைதராபாத்துக்கே திரும்பிப் போனான். பிறகு கம்ப்யூட்டரில் சேர்ந்து எங்கேயோ வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. வீட்டில் அம்மா எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். அண்ணன் ரயிலை விட்டு இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொல்லியக் குடுத்து உத்யோகம் வாங்கிட்டீங்க, நடத்துங்க என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனான். சரியாகத்தான் சொன்னான்.

சர்வேக்காரர்கள் வந்தார்கள். சங்கிலி பிடித்துக் காட்டுக்குள்ளிருந்து அளந்துகொண்டே இறங்கினார்கள். பட்டா இருந்தது, ஆனால் பட்டா கொடுத்த காலத்தில் யாரும் நட்டுக் காட்டிய கல் இல்லை. அவர்கள் கணக்குப்படி எங்கள் கொல்லையில் முக்கால் பங்கு காட்டோடு சேர்ந்தது. கீழே மிஞ்சியது ஏர் திரும்ப இடமில்லாத ஒரு நாடா. நைனா அவர்களோடு சண்டை போடவில்லை, காலில் விழவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு போனவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அம்மாதான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பள்ளம் யானையைத் தடுத்ததா என்று மேடைகளில் என்னைக் கேட்பார்கள். அடுத்த மழையிலேயே கரை இளகிய இடமாகப் பார்த்துக் காலால் சரித்து, மண்ணை மிதித்து நிரப்பி, சாவகாசமாகத் தாண்டி வந்தன. அதைப் பற்றி நானே கட்டுரை எழுதியிருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் என்னிடம் கொடுத்த பொறுப்பு, பள்ளம் சொன்ன அளவுக்கு வெட்டப்படுகிறதா என்று பார்ப்பது. அளவு குறைந்தால் யானை இறங்கி ஏறிவிடும் என்பதால் சார் அதில் கறாராக இருந்தார். அடி குறித்த நீளமான கோலை எடுத்துக்கொண்டு, வெட்டுகிற இடத்துக்கு இடம் போய்ப் பார்ப்பேன். கூலிக்குச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களைத்தான் வைத்திருந்தார்கள். பெங்களூர் போக முடியாதவர்கள், வயசானவர்கள், பெண்கள். வேலையை மேஸ்திரி ஒருவர் பார்த்துக்கொண்டார். குடியாத்தத்துக்காரர், எங்கள் ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது.

எங்கள் கொல்லை இருந்த பகுதிக்கு வேலை வந்த நாளில் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போனேன். சம்பளம் வாங்கிக்கொண்டு எப்படிப் போகாமல் இருப்பது? மேஸ்திரி எதிரே வந்து கூட்டிக்கொண்டு போனார். இந்த இடத்தில் கல் அதிகம், மற்றவர்கள் கடப்பாறையைப் போட்டால் டங் டங்கென்று திரும்பி வருகிறது, ஒரு பெரியவர் மட்டும் எங்கே கல் இருக்கும் எங்கே இருக்காது என்று முன்கூட்டியே சொல்லி வெட்டுகிறார், நல்ல ஆள் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

கரையில் நின்று எட்டிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் நைனா நின்றார். இடுப்பு வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, கையில் மம்முட்டியோடு. கூலிக்கு வருவதாக வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சந்தைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

மேஸ்திரி, அளக்க வந்துட்டாங்க, தள்ளி நில்லு பெரியவரே என்று குரல் கொடுத்தார். நைனா நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் காட்டிக்கொள்ளவில்லை. ஒதுங்கி நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் வயதுக்காரர்கள் அந்தக் காலத்தில் நிலக்காரர் முன்னாலும் ஆபீசர் முன்னாலும் அப்படித்தான் நிற்பார்கள். பட்டா வந்த பிறகு அவர் யார் முன்னாலும் துண்டை அவிழ்த்து நான் பார்த்ததில்லை.

இறங்கிப் போய்க் கோலை ஊன்றினேன். அவர் என் பக்கத்திலேயே நின்றார். வியர்வை வாடை அடித்தது.

"ஆழம் போதுங்களா மேடம்?" என்றார்.

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மேலே மேஸ்திரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோலைப் பார்த்தேன். ஆழம் போதவில்லை.

"இன்னும் ஒரு சாண் வெட்டணும்" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, நைனா துண்டைத் திரும்பத் தலையில் சுற்றிக்கொண்டு குனிந்தார்.